எக்செல் ஷீட்டில் இருக்கும் கடவுச்சொற்களைப் பாஸ்வேர்ட் மேனேஜருக்கு மாற்றுவது எப்படி?

ஒன்பது வருடம் ஒரே ஒரு எக்செல் ஷீட்டில்தான் என் கடவுச்சொற்கள் எல்லாம் இருந்தன. மொத்தம் 214 வரிசைகள். அவற்றைப் பாஸ்வேர்ட் மேனேஜருக்கு, அதாவது கடவுச்சொற்களைப் பூட்டி வைத்துத் தளங்களில் தானாக நிரப்பும் செயலிக்கு, மாற்ற உட்கார்ந்தபோது, கோப்பை ஏற்றும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஷீட்டைச் சரிசெய்ய ஒரு முழு நாள் ஆனது. அதற்குப் பிறகு பழைய பிரதிகளைத் தேடி அழிக்கவும், முக்கியமான கடவுச்சொற்களை மாற்றவும் மூன்று வார இறுதிகள் பிடித்தன. நடுவில் இருக்கும் பத்து நிமிடத்தை மட்டும் செய்துவிட்டு, ‘மாறிவிட்டேன்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களின் பழைய ஷீட் இன்னும் எங்கோ திறந்தே கிடக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் முன்வேலைக்கும் பின்வேலைக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஷீட்டில் வைப்பதில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெடுவரிசையை மறைப்பது, எழுத்தை வெள்ளை நிறமாக்குவது, ‘புரொடெக்ட் ஷீட்’ போடுவது இவை எதுவும் பாதுகாப்பு இல்லை. உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் கேட்கும்படி எக்செல்லில் பூட்டினால் அது உண்மையான குறியாக்கம்தான், அந்தக் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு கடவுச்சொல்லைப் பார்க்கத் திறந்தாலும் 214 கடவுச்சொற்களும் திரையில் விரிந்துவிடும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஷீட்டுக்கு நீங்கள் எந்தத் தளத்தில் நிற்கிறீர்கள் என்று தெரியாது. வங்கியின் பக்கம் போலவே செய்த போலிப் பக்கத்திலும் நீங்களே காப்பி செய்து ஒட்டிவிடுவீர்கள். பாஸ்வேர்ட் மேனேஜர் முகவரியைப் பார்க்கிறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அது தானாக நிரப்பாது. மாறுவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

எந்த மேனேஜர்?

இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, உங்கள் கடவுச்சொற்கள் அடங்கிய, குறியாக்கம் செய்த பெட்டகத்தைத் தன் சர்வரில் வைத்து உங்கள் எல்லாக் கருவிகளுக்கும் ஒத்திசைப்பது: பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் இந்த வகை. கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரையும், 2024-ல் ஐஓஎஸ் 18-உடன் தனிச் செயலியாக வந்த ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸையும் இங்கேயே சேர்க்கலாம். இன்னொன்று, பெட்டகம் ஒரே ஒரு கோப்பாக உங்கள் கையிலேயே இருப்பது. கீபாஸ்எக்ஸ்சி அப்படிப்பட்டது, இலவசம், மூலநிரல் திறந்தது. அந்தக் கோப்பை போனுக்குக் கொண்டுபோவது, பிரதி எடுத்து வைப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு.

புதிதாக வருபவர்களுக்கு நான் பிட்வார்டனைச் சொல்வேன். இலவசத் திட்டத்திலேயே எத்தனை கடவுச்சொற்களும், எத்தனை கருவிகளும் வைத்துக்கொள்ளலாம். இதன் மூலநிரலும் திறந்தது. தன் கோப்பு இன்னொருவர் சர்வரில் இருப்பதே பிடிக்காது என்பவர்கள் கீபாஸ்எக்ஸ்சிக்குப் போகலாம். ஒரு வாரம் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இவை எல்லாவற்றிலிருந்தும் தரவை வெளியே எடுத்து வேறொன்றுக்குப் போக முடியும்.

‘சர்வரையே யாராவது உடைத்துவிட்டால்?’ என்ற கேள்வி நியாயமானது. 2022-ல் இதே போன்ற மேனேஜரான லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே திருடுபோயின. பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் குறியாக்கத்தில் இருந்தன, தள முகவரிகள் அப்படி இல்லை. பெட்டகம் திருடன் கையில் இருக்கும்போது, அதைத் திறக்க விடாமல் தடுப்பது, பெட்டகத்தின் சாவியான மாஸ்டர் பாஸ்வேர்டின் வலிமைதான். அதனால் அடுத்த படியை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்ட்

ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைப்பதுதான் சிறந்த வழி. டைஸ்வேர் என்ற முறையில் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டிச் சொற்களை எடுப்பார்கள். ஐந்து முறை பகடை உருட்டினால் ஒரு சொல். அப்படி ஐந்து சொற்கள் எடுத்தால் ஏறத்தாழ 2.8 லட்சம் கோடி கோடி சேர்க்கைகள் வரும். ஆறாவது சொல்லைச் சேர்த்தால் அதுபோல 7,776 மடங்கு. சொற்களை நீங்களாக யோசித்து எடுக்காமல் பகடையிடம் விடுவதில்தான் பலம் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வரி, பழமொழி, பிள்ளைகளின் பெயர், பிறந்த ஆண்டு எதுவும் வேண்டாம்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து வைக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் ழகரத்துக்கு எந்த எழுத்தைப் போட்டோம், நெடிலுக்கு ஒரு எழுத்தா இரண்டா என்று ஆறு மாதம் கழித்துக் குழப்பம் வரும். அந்தக் குழப்பத்துக்கு இடமே தராத சொற்களாக எடுங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்திலேயே வைக்க நான் சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு வேறொரு கணினியில் திறக்க வேண்டி வந்தால் அங்கே தமிழ் விசைப்பலகை இருக்காது.

அதை ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டின் முக்கியமான பத்திரங்களோடு வையுங்கள். இதற்குத் தயங்க வேண்டாம். இணையத் திருடன் உங்கள் அலமாரிக்கு வரப்போவதில்லை, மறதியோ கட்டாயம் வரும். பிட்வார்டன் போன்றவற்றில் மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்தால் நிறுவனத்தாலேயே பெட்டகத்தைத் திறந்து தர முடியாது. அதே காகிதத்தில் உங்கள் முதன்மை மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், இரண்டு படிச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீட்டையும் எழுதுங்கள். சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாமல் இருக்க இதுதான் வழி.

அப்புறம், உடனே ஷீட்டை ஏற்றாதீர்கள். முக்கியமில்லாத மூன்று கணக்குகளை மட்டும் கையால் சேர்த்து, ஒரு வாரம் தினமும் மாஸ்டர் பாஸ்வேர்டை அடித்துத் திறந்து பழகுங்கள். கைவிரல் அதற்குப் பழகிய பிறகுதான் மற்ற எல்லாவற்றையும் அதன் பின்னால் வைக்க வேண்டும்.

ஷீட்டைச் சரிசெய்வது

இந்த வேலையை உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் செய்யுங்கள். அலுவலகக் கணினியோ, பலரும் பயன்படுத்தும் கணினியோ வேண்டாம். ஒரு தனிக் கோப்புறை உருவாக்கி, இந்த வேலையில் உருவாகும் எல்லாக் கோப்பும் அதற்குள்ளேயே இருக்கட்டும். கிளவுடில் ஒத்திசையும் கோப்புறையாக அது இருக்கக் கூடாது. பின்னால் அழிக்கும்போது இந்த ஒழுங்கு பெரிய உதவியாக இருக்கும்.

ஒரு கணக்குக்கு ஒரு வரிசை, ஒரு விவரத்துக்கு ஒரு நெடுவரிசை. இதுதான் அடிப்படை விதி. பழைய ஷீட்டுகளில் ஒரே கட்டத்துக்குள் பயனர் பெயர், சாய்கோடு, கடவுச்சொல், ‘பழையது’ என்ற குறிப்பு எல்லாம் நெருக்கிக் கிடக்கும். அவற்றைப் பிரியுங்கள். பெயர், தள முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், குறிப்பு, கோப்புறை என்று ஆறு நெடுவரிசைகள் போதும். ஒட்டிய கட்டங்களை எல்லாம் பிரித்துவிடுங்கள். கீழே பல தாள்கள் இருந்தால் ஒரே தாளுக்குக் கொண்டுவாருங்கள். மேனேஜரில் ஏற்ற, ஷீட்டை சிஎஸ்வியாக (விவரங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது திறந்திருக்கும் தாள் மட்டும்தான் போகும், மற்றவை சத்தமில்லாமல் விடுபடும்.

இனி, எக்செல் உங்கள் கடவுச்சொற்களை என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எக்செல்லுக்குக் கடவுச்சொல் என்றால் என்னவென்று தெரியாது. எண் மாதிரி தெரிந்தால் எண்ணாக்கிவிடும், தேதி மாதிரி தெரிந்தால் தேதியாக்கிவிடும்.

0047 என்று அடித்தால் 47 என்றே சேமிக்கும். என் பழைய கணக்கு ஒன்றின் பின் எண் இப்படித்தான் போனது. மூன்று முறை தவறாக அடித்துக் கணக்கு பூட்டிக்கொண்ட பிறகே, முன்னால் ஒரு சுழியம் இருந்தது நினைவுக்கு வந்தது. 3-4 என்று அடித்தால் தேதியாகிவிடும். எண்களில் 15 இலக்கங்கள் வரைதான் எக்செல்லிடம் துல்லியம் உண்டு. 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாகவே அடித்திருந்தால் கடைசி இலக்கம் சுழியமாக மாறியிருக்கும், அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. நீண்ட எண்கள் நடுவில் ஆங்கில ஈ எழுத்தோடு சுருங்கித் தெரிந்தால், சிஎஸ்வியிலும் அந்தச் சுருங்கிய வடிவமே போகும். = குறியில் தொடங்கும் கடவுச்சொல்லைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். இரண்டு பெரிய எழுத்துகளில் தொடங்கும் சொல்லைத் தானியங்கித் திருத்தம் மாற்றியிருக்கலாம்.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது இழுத்து நிரப்பும் வசதி. எண்ணில் முடியும் ஒரு கடவுச்சொல்லைக் கீழே உள்ள கட்டங்களுக்கு இழுத்தால், எக்செல் அதை நகலெடுக்காமல் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போகும். அடுத்தடுத்த வரிசைகளில் கடைசி எண் மட்டும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகமான ஒவ்வொன்றையும் அந்தத் தளத்தில் நுழைந்து பார்த்துவிட்டே சரிசெய்யுங்கள், ஊகத்தில் திருத்த வேண்டாம். திருத்துவதற்கு முன் அந்த நெடுவரிசை முழுவதையும் ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே எண்ணாகிப் போனவை அதனால் திரும்பாது. மறுபடி அடிக்கத்தான் வேண்டும். முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்று இடங்களையும் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத தொல்லை அவை.

இதே நேரத்தில் செத்துப்போன கணக்குகளையும் பிரியுங்கள். மூடப்பட்ட தளங்கள், ஒரே ஒரு முறை வாங்கிய கடைகள், விட்டுவந்த வேலையின் கணக்குகள். தளம் இல்லாமலே போயிருந்தால் வரிசையை நீக்கிவிடலாம். தளம் இருக்கிறது, உங்களுக்குத்தான் வேண்டாம் என்றால், நுழைந்து கணக்கையே அழிப்பது நல்லது. இன்று நேரம் இல்லையென்றால் குறிப்பில் ‘அழிக்க வேண்டும்’ என்று எழுதி வையுங்கள். என் 214 வரிசைகள் இப்படி 151 ஆயின.

ஏற்றுவது

ஒவ்வொரு மேனேஜரும் தலைப்பு வரிசையில் சற்று வேறான பெயர்களை எதிர்பார்க்கும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு சுலபமான வழி இருக்கிறது. பழகுவதற்காகச் சேர்த்த அந்த மூன்று கணக்குகள் இருக்கின்றன அல்லவா? ஒன்றைக் கோப்புறையில் போட்டு, குறிப்பும் எழுதி, எல்லாக் கட்டங்களும் நிரம்பும்படி செய்யுங்கள். பிறகு ‘எக்ஸ்போர்ட்’ போய் சிஎஸ்வியாக வெளியே எடுங்கள். வரும் கோப்பின் முதல் வரிசைதான் உங்களுக்கு வேண்டிய தலைப்புகள், எழுத்துக்கு எழுத்து. அதற்குக் கீழே உங்கள் விவரங்களை அந்தந்த நெடுவரிசையில் ஒட்டுங்கள். தேவைப்படாத நெடுவரிசைகளை வெறுமையாக விடலாம். ‘இது எந்த வகைப் பதிவு’ என்று சொல்லும் நெடுவரிசையில் மட்டும் மாதிரியில் இருப்பதையே எல்லா வரிசையிலும் போடுங்கள்.

கோப்புறை நெடுவரிசையில் எல்லா வரிசைக்கும் ஒரே பெயரைக் கொடுங்கள்: ‘பார்க்க வேண்டியவை’. இப்போதே வகை பிரிக்க உட்கார வேண்டாம். இது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சேமிக்கும்போது எக்செல்லில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று பெயரிலேயே இருக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் சேமித்தால் தமிழில் எழுதிய குறிப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். கூகுள் ஷீட்ஸிலிருந்து சிஎஸ்வியாக இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. சேமித்த பிறகு அந்தச் சிஎஸ்வியை எக்செல்லில் மறுபடி திறக்காதீர்கள். திறந்து சேமித்தால் சுழியங்களும் தேதிகளும் மீண்டும் குளறுபடியாகும். பார்க்க வேண்டுமென்றால் நோட்பேட் போன்ற எளிய எழுதியில் பாருங்கள். காற்புள்ளி உள்ள கடவுச்சொற்கள் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும். கடவுச்சொல்லிலேயே இரட்டை மேற்கோள் இருந்தால் அது இரண்டு முறை தெரியும். அது பிழை இல்லை, சிஎஸ்வியின் விதியே அதுதான், கைவைக்காதீர்கள்.

முதலில் மூன்று வரிசை மட்டும் கொண்ட ஒரு சோதனைக் கோப்பை ஏற்றுங்கள். ஒன்றில் தமிழ்க் குறிப்பு இருக்கட்டும், ஒன்றில் சுழியத்தில் தொடங்கும் எண், ஒன்றில் காற்புள்ளி உள்ள கடவுச்சொல். பிட்வார்டனில் டூல்ஸ் பகுதிக்குள் ‘இம்போர்ட் டேட்டா’ என்று இருக்கும். கோப்பு வடிவமாக பிட்வார்டன் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். கீபாஸ்எக்ஸ்சி இன்னும் வசதி: எந்த நெடுவரிசை எந்த விவரம் என்று நீங்களே காட்டலாம், எப்படி வரும் என்ற முன்னோட்டமும் அங்கேயே தெரியும். மூன்றும் சரியாக வந்தால் அவற்றை நீக்கிவிட்டு முழுக் கோப்பையும் ஏற்றுங்கள்.

ஏற்றியது பாதியில் நின்றதுபோல் தோன்றினால் பதறி இரண்டாவது முறை ஏற்றாதீர்கள். பிட்வார்டன் ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்காது, எல்லாமே இரட்டையாகிவிடும். முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். பழகுவதற்காகக் கையால் சேர்த்த மூன்றைக் கழித்தால், ஷீட்டின் வரிசைகளும் பெட்டகத்தின் பதிவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு எழுந்தமானமாகப் பத்துக் கணக்குகளை எடுத்து, பெட்டகத்திலிருந்தே நிரப்பி நுழைந்து பாருங்கள். மின்னஞ்சலும் வங்கியும் அந்தப் பத்துக்குள் கட்டாயம் இருக்கட்டும்.

ஷீட்டை அழிப்பது

ஏற்றிய அன்றே அழிக்க வேண்டாம். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். அதுவரை ஷீட்டை, கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் செயலியான செவன்-ஜிப் மூலம் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைக்கலாம், அந்தக் கடவுச்சொல் பெட்டகத்தில் இருக்கட்டும். ஆனால் சிஎஸ்வி கோப்புகள் அனைத்தையும், மாதிரிக்காக எடுத்ததையும் சோதனைக் கோப்பையும் சேர்த்து, அன்றே அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய கோப்புகள் அவை.

இரண்டு வாரம் கழித்து உண்மையான தேடல் தொடங்குகிறது. ஒன்பது வருடத்தில் அந்த ஷீட் எங்கெல்லாம் போயிருக்கும் என்று நிதானமாக யோசியுங்கள். உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல், ‘அனுப்பியவை’ பகுதியோடு சேர்த்து. வாட்ஸ்அப்பில் குடும்பத்தில் யாருக்காவது அனுப்பியது. போனின் டவுன்லோட்ஸ். பழைய மடிக்கணினி, பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க். எக்செல் தானாகச் சேமிக்கும் மீட்புப் பிரதிகள். அச்சடித்த தாள். கூகுள் டிரைவில் இருந்தால், நீக்கிய பிறகும் குப்பையில் 30 நாள் இருக்கும், அங்கேயும் போய் நீக்க வேண்டும். யாரோடாவது பகிர்ந்திருந்தால் அவர் தனக்கென்று எடுத்துக்கொண்ட நகல் உங்கள் கைக்கு எட்டாது. கோப்பின் பெயரை வைத்து மட்டும் தேடாமல், உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு அரிய பயனர் பெயரை வைத்தும் தேடுங்கள். பெயர் மாற்றி வைத்த பிரதிகள் அப்போதுதான் சிக்கும்.

விண்டோஸில் கிளிப்போர்ட் வரலாறு இயக்கத்தில் இருந்தால் கடைசியாகக் காப்பி செய்த 25 வரை அங்கே நிற்கும். விண்டோஸ் விசையோடு வி அழுத்தி, எல்லாவற்றையும் நீக்குங்கள்.

எஸ்எஸ்டி வட்டுகளில் ஒரு கோப்பின் மேல் எழுதி முற்றாக அழிப்பது நம்பத்தக்கதல்ல. வட்டு எந்த இடத்தில் எழுதுகிறது என்பது நம் கையில் இல்லை. விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கின் ஃபைல்வால்ட் போன்ற முழு வட்டுக் குறியாக்கத்தை இயக்கி வைப்பதே நல்லது. எவ்வளவு தேடினாலும் எல்லாப் பிரதியும் போய்விட்டது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் அந்த ஷீட்டில் இருந்தவற்றில் முக்கியமானவற்றை மாற்றிவிடுவதுதான் முழுத் தீர்வு. பிரதி எங்கோ கிடந்தாலும், உள்ளே இருப்பது பழைய சாவியாக இருக்கட்டும்.

மாற்றும் வரிசை

முதலில் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்கின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ இணைப்பும் அங்கேதான் வருகிறது. அதைப் பிடித்தவர் எல்லாவற்றையும் பிடிப்பார். அடுத்து போனோடு இணைந்த கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு, மொபைல் நிறுவனத்தின் கணக்கு, பிறகு வங்கியும் பணம் செலுத்தும் செயலிகளும். அதன்பின் ஒரே கடவுச்சொல்லைப் பல இடத்தில் வைத்திருக்கும் கணக்குகள். கீபாஸ்எக்ஸ்சி, ஒன்பாஸ்வேர்ட் இரண்டிலும் அப்படித் திரும்ப வருபவற்றைக் காட்டும் அறிக்கை உண்டு. பிட்வார்டனில் அது கட்டணத் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஷீட் கையில் இருக்கும்போதே கடவுச்சொல் நெடுவரிசையை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரே மாதிரியானவை அடுத்தடுத்து நிற்கும், குறித்துக்கொள்ளலாம்.

கசிந்தவற்றைக் கண்டுபிடிக்க, இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளம் இருக்கிறது. கடவுச்சொல்லைச் சோதிக்கும்போது அது முழுதாக அங்கே போவதில்லை. உங்கள் கருவியிலேயே அதை ஒரு நீண்ட குறியாக மாற்றி, அந்தக் குறியின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் அனுப்புவார்கள். அந்த ஐந்தில் தொடங்கும் எல்லாக் குறிகளும் திரும்பி வரும், ஒப்பீடு உங்களிடமே நடக்கும். பல மேனேஜர்கள் பதிவைத் திறந்த இடத்திலேயே இந்தச் சோதனையைச் செய்ய வசதி தருகின்றன.

ஒரு கடவுச்சொல்லை மாற்றும்போது இந்த வரிசையை விடாதீர்கள்: மேனேஜரில் புதியதை உருவாக்கு, முதலில் பெட்டகத்தில் சேமி, பிறகு தளத்தில் ஒட்டு, வெளியேறி மறுபடி நுழைந்து பார். தளத்தில் மாற்றிவிட்டுப் பெட்டகத்தில் சேமிக்க மறந்துபோனால் அந்தக் கணக்கை மீட்கப் பாதி நாள் போகும். பழையது போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். பிட்வார்டன் ஒவ்வொரு பதிவுக்கும் முந்தைய ஐந்து கடவுச்சொற்களை வைத்திருக்கும். நீளம் 20 எழுத்துகள் இருக்கட்டும். சில தளங்கள் நீளமானதை ஏற்றுக்கொண்டதுபோல் காட்டிவிட்டு, கடைசி எழுத்துகளை வெட்டிவிடும். வெளியேறி நுழைந்து பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மற்ற எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றத் தேவையில்லை. அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் பழைய வழக்கத்தை அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்டே 2017-லிருந்து வேண்டாம் என்கிறது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அடுக்கி வைப்பது

இப்போது அந்த ‘பார்க்க வேண்டியவை’ கோப்புறைக்கு வருவோம். ஒரு பதிவைத் திறந்து, முகவரியைச் சரிபார்த்து, பெயரைத் திருத்தி, தேவையானால் கடவுச்சொல்லை மாற்றி, அதற்குரிய கோப்புறைக்கு நகர்த்துங்கள். அந்தக் கோப்புறையில் எத்தனை மிச்சம் என்று பார்த்தாலே எத்தனை வேலை பாக்கி என்று தெரிந்துவிடும். தினமும் ஐந்து பதிவு என்று வைத்தால் ஒரு மாதத்தில் காலியாகும்.

கோப்புறைகள் குறைவாக இருக்கட்டும். நான் முதலில் பதினெட்டு உருவாக்கி, எதை எங்கே போடுவது என்று ஒவ்வொரு முறையும் திண்டாடினேன். இப்போது ஐந்துதான்: பணம், மின்னஞ்சலும் அடையாளமும், வேலை, வீட்டார், வீட்டுக் கருவிகள். மற்றவை கோப்புறை இல்லாமலே கிடக்கின்றன. பாஸ்வேர்ட் மேனேஜரில் நாம் அடுக்கைப் பார்த்து எடுப்பது அபூர்வம். இரண்டு எழுத்து அடித்தால் வந்து நிற்கும். அதனால் கோப்புறையைவிடப் பெயருக்கு அதிகக் கவனம் கொடுங்கள். ‘மின்னஞ்சல்’, ‘மின்னஞ்சல் 2’ என்று வைக்காமல் ‘மின்னஞ்சல் – அம்மா’, ‘மின்னஞ்சல் – அலுவலகம்’ என்று வையுங்கள்.

தள முகவரியில் முகப்புப் பக்கத்தைவிட நுழைவுப் பக்கத்தின் முகவரியைப் போடுவது நல்லது. பிட்வார்டன் இயல்பாக முதன்மை டொமைனை, அதாவது தளத்தின் அடிப்படைப் பெயரை, மட்டும் ஒப்பிடும். ஒரே டொமைனின் கீழ் இரண்டு மூன்று தனிக் கணக்குகள் இருந்தால் எல்லாமே எட்டிப் பார்க்கும். அந்தப் பதிவுகளுக்கு மட்டும் ஒப்பீட்டை, முன்னால் வரும் துணைப்பெயரையும் சேர்த்துப் பார்க்கும் ‘ஹோஸ்ட்’ என்று மாற்றுங்கள். முகவரி வெறுமையாக இருந்தால் தானாக நிரப்பாது, போலித் தளத்திலிருந்து காக்கவும் செய்யாது.

வைஃபை கடவுச்சொல், மென்பொருள் உரிம எண், லாக்கர் குறியீடு போன்றவற்றைப் பாதுகாப்புக் குறிப்புகளாக மாற்றுங்கள். அட்டைகளுக்குத் தனி வகையே இருக்கும். ‘உங்கள் முதல் பள்ளியின் பெயர்’ மாதிரியான கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தராமல், ஏதோ மூன்று சொற்களைக் கொடுத்து, கேள்வியோடு சேர்த்துக் குறிப்பில் எழுதி வையுங்கள். உண்மையான பதில் உறவினர் பாதிப் பேருக்குத் தெரியும்.

உலாவியில் ஏற்கெனவே சேமித்து வைத்தவற்றை மறக்காதீர்கள். அவற்றையும் ஏற்றிவிட்டு, அங்கிருந்து நீக்கி, ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா’ என்று உலாவி கேட்பதை அணைத்துவிடுங்கள். இரண்டு இடத்தில் இருந்தால் எது புதியது என்று யாருக்கும் தெரியாது. தளம் பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியில் வைக்கும் மின்னணுச் சாவி) தருகிறது என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், அதையும் பெட்டகத்திலேயே வைக்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டகத்தின் பிரதி ஒன்றை எடுங்கள். பிட்வார்டனில் குறியாக்கம் செய்த ஜேசன் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் ‘கடவுச்சொல்லால் பாதுகாத்தது’ என்ற வகையை எடுங்கள். கணக்கோடு கட்டிய இன்னொரு வகையும் அங்கே இருக்கிறது. அந்தக் கணக்கே போய்விட்டால் அது எதற்கும் உதவாது. அந்தப் பிரதிக்குப் போட்ட கடவுச்சொல்லும் காகிதத்துக்குத்தான் போக வேண்டும். கீபாஸ்எக்ஸ்சியில் கோப்பையே ஒரு பென்டிரைவில் நகலெடுத்தால் முடிந்தது.

கடைசியாக, அந்தக் காகிதத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டி, எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து உங்கள் பெட்டகத்தை ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்துக்கு இன்னும் ஒரு வரி எழுதிச் சேருங்கள்.